இளைப்புக்கு ஒரு கேள்வித்தாள்

மூன்று மாதத்துக்கு முன்பு ஒரு காலை வேளையில், நெஞ்சுநோய் மருத்துவர் ஒருவரின் அறைக்கு வெளியே நானும் என் மனைவியும் உட்கார்ந்திருந்தோம். அப்போதுதான் உள்ளே ஒரு குழாயில் ஊதிவிட்டு வந்திருந்தேன். ஊத வைத்த பெண் "ஊதுங்க ஐயா, விடாதீங்க, இன்னும், இன்னும், இன்னும்" என்று கல்யாண வீட்டில் நாதஸ்வரக்காரருக்கு உற்சாகம் கொடுப்பவர்போல் கத்தியதில் எனக்குத் தலை சுற்றி, கண்ணில் பூச்சி பறந்தது. மூன்று தடவை ஊதியபின் ஒரு காகிதத்தில் கோடுகளும் எண்களும் அச்சாகி வந்தன. அது எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது, அதற்குப் பிறகு அவள் கையில் கொடுத்த இன்னொரு தாள்.

அதில் எட்டுக் கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் சுழியிலிருந்து ஐந்து வரை ஓர் எண்ணைச் சுழிக்க வேண்டும். இருமல், சளி, நெஞ்சு இறுக்கம், ஏற்றமோ மாடிப்படியோ ஏறினால் இளைப்பு, இதெல்லாம் எந்த டாக்டரும் கேட்பதுதான். அடுத்து வந்தவைதான் என்னை நிறுத்தின. வீட்டில் வழக்கமான வேலைகளைச் செய்ய முடிகிறதா, தைரியமாக வெளியே போக முடிகிறதா, இரவில் நன்றாகத் தூங்குகிறீர்களா, உடம்பில் தெம்பு இருக்கிறதா என்று கேட்டிருந்தார்கள்.

முப்பத்தைந்து வருடம் அரசாங்க அலுவலகத்தில் படிவங்களோடு குப்பை கொட்டியவன் நான். மருத்துவச் சான்றிதழ், மருத்துவக் குழுவின் அறிக்கை, ஊனச் சதவீதம், விருப்ப ஓய்வு என்று நான் பார்க்காத மருத்துவப் படிவம் குறைவு. தைரியமாக வெளியே போக முடிகிறதா என்று ஒரு படிவமும் கேட்டதில்லை. இந்தக் கேள்வியை முதலில் யார் கேட்டது, எப்போது கேட்டது என்று தெரிந்துகொள்ள ஆசை வந்தது. வீட்டுக்கு வந்து படித்ததையும் முன்பே படித்திருந்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

கதை எங்கள் பள்ளிக்கூடப் புத்தகத்தில் இருந்த ஓர் ஆளிடமிருந்து தொடங்குகிறது. பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்குப் பஸ்தேரும் லெனெக்கும் தூரத்துச் சொந்தக்காரர்கள் மாதிரி. ரெனே லெனெக் 1781இல் பிரித்தானிப் பகுதியின் கேம்பேர் நகரில் பிறந்தவர். 1816இல் பாரீசின் நெக்கேர் மருத்துவமனையில் பருமனான ஓர் இளம்பெண்ணின் நெஞ்சில் காதை வைத்துக் கேட்கக் கூச்சப்பட்டு, காகிதத்தைக் குழல்போல் சுருட்டி ஒரு முனையை அவள் நெஞ்சிலும் மறுமுனையைத் தன் காதிலும் வைத்தார் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. ஸ்டெதஸ்கோப் அப்படித்தான் பிறந்தது. 1819இல் அவர் எழுதிய பெரிய புத்தகத்தில் எம்ஃபிசிமா பற்றியும் விளக்கமாக இருக்கிறது. இறந்தவரின் நெஞ்சைத் திறந்தால் சாதாரண நுரையீரல் சுருங்கிவிடும். இந்த நோயாளியின் நுரையீரலோ சுருங்காமல், உள்ளே காற்று அகப்பட்டுக்கொண்டு உப்பியே நிற்கும் என்று கண்டு சொன்னார். அந்தக் காற்றை வெளியே தள்ள முடியாமல்தான் மனிதன் இளைக்கிறான்.

பாவம், அவரும் நெஞ்சு நோயிலேயே, காசநோயால், 1826இல் நாற்பத்தைந்து வயதில் போய்ச் சேர்ந்தார். அவருடைய நெஞ்சில் குழலை வைத்துக் கேட்டவர் அவருடைய தம்பி முறையான மெரியாதெக். (இடையில் ஒரு விஷயம். லெனெக் உயிரோடு இருந்தபோதே, 1823இல், எங்கள் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் ஒரு மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார்கள். அதுதான் பின்னால் தன்வந்திரி மருத்துவக் கல்லூரியாகி, பிறகு ஜிப்மர் ஆனது.)

லெனெக் காதால் கேட்டதை ஜான் ஹட்சின்சன் என்ற ஆங்கிலேயர் அளந்தார். தண்ணீரில் கவிழ்த்த ஒரு பாத்திரத்துக்குள் ஊதச் சொல்லி, எத்தனை அளவு காற்று வெளியே வருகிறது என்று பார்த்தார். மல்லர்கள், போலீஸ்காரர்கள், கப்பல்காரர்கள் என்று இரண்டாயிரம் பேருக்கு மேல் ஊத வைத்து 1846இல் முடிவுகளை வெளியிட்டார். ஆயுள் காப்பீட்டுக் கம்பெனிகளுக்கு இது உதவும் என்பது அவர் எண்ணம். அதாவது யார் சீக்கிரம் போவார், யார் நாள் கழித்துப் போவார் என்று தெரிந்தால் பிரீமியம் போடலாம்!

இருந்தாலும் மொத்தக் காற்றை அளந்தால் மட்டும் போதவில்லை. எம்ஃபிசிமா நோயாளியும் நிதானமாக விட்டால் ஓரளவு காற்றை வெளியே விட்டுவிடுவார். அவரால் வேகமாக விட முடியாது. இதைக் கண்டுபிடித்து மூச்சுக்குக் கடிகாரம் கட்டியவர் பாரீசைச் சேர்ந்த ரொபேர் திஃப்னோ. 1947இல் பினெல்லி என்பவரோடு சேர்ந்து, முதல் ஒரு நொடியில் எவ்வளவு காற்று வெளியே வருகிறது என்பதை அளக்க வேண்டும் என்று சொன்னார். பிரெஞ்சில் அதற்கு 'வெ.எ.எம்.எஸ்.' என்று பெயர். நான் ஊதி வந்த காகிதத்தில் 'எஃப்.இ.வி. ஒன்று' என்று ஆங்கிலத்தில் போட்டிருந்ததும் அதேதான். மொத்த மூச்சில் எழுபது சதவீதமாவது அந்த முதல் நொடியில் வெளியே வர வேண்டுமாம். எனக்கு வரவில்லை.

இது வரைக்கும் உள்ள கதையில் நோயாளியைக் கேட்டார்கள், தட்டினார்கள், ஊத வைத்தார்கள். வாயைத் திறந்து பதில் சொல்லச் சொல்லவில்லை.

அதற்கு வேல்ஸ் நாட்டு நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போக வேண்டும். தென் வேல்ஸ் சுரங்கத் தொழிலாளிகள் கரித்தூளைச் சுவாசித்து நுரையீரல் கெட்டு இளைத்துப் போனார்கள். 1943இல் பிரிட்டனில் அவர்களுக்கு நஷ்டஈட்டுத் திட்டம் வந்தது. ஆனால் அதில் ஒரு வில்லங்கம். நோய் இருக்கிறது என்று சான்று கிடைத்தால் அந்த ஆள் சுரங்கத்தைவிட்டு வெளியேற வேண்டும். ஆயிரக்கணக்கானவர்கள் கையில் சான்றிதழோடு வேலையில்லாமல் தெருவுக்கு வந்தார்கள். ஆகவே யாருக்கு எவ்வளவு பாதிப்பு என்று சரியாகக் கணிப்பது வயிற்றுப்பாட்டுப் பிரச்சினையானது. 1945இல் கார்டிஃப் அருகே லாண்டோ மருத்துவமனையில் இதற்கென்று ஓர் ஆராய்ச்சிப் பிரிவைத் தொடங்கி, சார்லஸ் ஃப்ளெட்சர் என்ற இளம் மருத்துவரைத் தலைவராகப் போட்டார்கள். 1941இல் ஆக்ஸ்ஃபோர்டில் உயிருக்குப் போராடிய ஒரு போலீஸ்காரருக்குப் பெனிசிலின் ஊசி போட்டவர் இவர்தான்.

அங்கே அவர்கள் கண்டது, எக்ஸ்ரேயும் இளைப்பும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்பது. படத்தில் புள்ளி புள்ளியாக நிழல் விழுந்த ஆள் சாதாரணமாக நடந்து போவார். படம் அவ்வளவு மோசமில்லாத ஆள் பத்தடிக்கு ஒருதரம் நின்று மூச்சு வாங்குவார். ஸ்டெதஸ்கோப்பையும் ஃப்ளெட்சர் சும்மா விடவில்லை. ஒரே நோயாளிகளைப் பல மருத்துவர்களிடம் தனித்தனியாகப் பரிசோதிக்கக் கொடுத்து, எம்ஃபிசிமாவுக்கான அடையாளங்கள் இருக்கின்றனவா என்று கேட்டார். ஒருவர் இருக்கிறது என்றதை இன்னொருவர் இல்லை என்றார். 1952இல் இதை அச்சிலும் போட்டார். லெனெக் பார்த்திருந்தால் வருத்தப்பட்டிருப்பார்.

ஆக, மிச்சம் இருந்த வழி அந்த ஆளையே கேட்பது. ஃப்ளெட்சரின் குழு இளைப்புக்கு ஐந்து படிகள் வைத்தது. அவை எல்லாம் நடையைப் பற்றியவை. கடும் உழைப்பில் மட்டும் இளைப்பவர் முதல் படி. அவசரமாக நடந்தாலோ லேசான ஏற்றம் ஏறினாலோ இளைப்பவர் இரண்டாம் படி. சமதரையில் தன் வயதுக்காரர்களோடு ஈடுகொடுத்து நடக்க முடியாதவர் மூன்றாவது. நூறு கஜம் போய் நின்றுவிடுகிறவர் நான்காவது. துணி மாற்றினாலே இளைக்கிறது, வீட்டைவிட்டுக் கிளம்பவே முடியவில்லை என்பவர் ஐந்தாவது. தன் வயதுக்காரர்களோடு நடக்க முடிகிறதா என்ற அந்தக் கேள்வியை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். அதில் லிட்டர் இல்லை, நொடி இல்லை. கூட வருகிற கூட்டாளி முன்னால் போய்விடுகிறானா என்பதுதான் கேள்வி. 1950களின் கடைசியில் பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் பெயரில் வெளியான இந்த அளவுகோலைச் சிறு மாற்றத்தோடு இன்றைக்கும் உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள்.

அதே சமயத்தில் லங்காஷயர் பஞ்சாலைகளில் ரிச்சர்ட் ஷில்லிங் என்ற மருத்துவரும் கேள்வி கேட்டே நோயைத் தரம் பிரித்தார். பஞ்சுத் தூசியால் வரும் நோய்க்கு ஒரு விசேஷம் உண்டு. ஞாயிறு ஓய்வெடுத்துவிட்டுத் திங்கட்கிழமை வேலைக்குப் போனால் நெஞ்சு இறுகும். செவ்வாய், புதன் போகப் போகச் சரியாகிவிடும். நோய் முற்றினால் மற்ற நாட்களிலும் இறுக்கம் தொடரும், பிறகு நிரந்தர இளைப்பு. எந்தக் கிழமையில் நெஞ்சைப் பிடிக்கிறது என்பதைத் தொழிலாளியிடம் கேட்காமல் எந்த எக்ஸ்ரேயும் சொல்லிவிடாது.

இந்தத் திங்கட்கிழமை நோயை நான் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை. என் தாய்மாமா ஒரு பஞ்சாலையில் கார்டிங் பகுதியில் இருபத்தேழு வருடம் வேலை செய்தவர். புருவத்திலும் காதோர முடியிலும் பஞ்சு ஒட்டியபடி வீட்டுக்கு வருவார். "திங்கக்கெழம வந்தா மில்லு நெஞ்சு மேல ஏறி ஒக்காந்துக்குது" என்பார். நாங்கள் வேலைக்குப் போகச் சோம்பல் என்று நினைத்துச் சிரிப்போம். ஐம்பது வயதுக்கு மேல் எல்லாக் கிழமையும் திங்கட்கிழமையாகிவிட்டது. நஷ்டஈட்டுக்கு விண்ணப்பம் எழுதியது நான்தான். நான் அப்போது இளநிலை எழுத்தர். அவரைப் பரிசோதித்துவிட்டு, இருபது சதவீதப் பாதிப்பு என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்கள். மாமா அதை வாங்கிப் பார்த்துவிட்டு என்னிடம், "மீதி எண்பது எங்க இருக்குன்னு கேட்டுச் சொல்லுடா, எடுத்துச் செலவு பண்ணிக்கறேன்" என்றார்.

அந்த எண்பதை நானும் எங்கும் பார்க்கவில்லை. பந்தியில் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டு எழுந்தால் இளைக்கிறது என்று கல்யாணங்களுக்கு வருவதை நிறுத்தினார். மாசி மகத்துக்கு வைத்திக்குப்பம் கடற்கரைக்கு வருடம் தவறாமல் போகிறவர், கூட்டத்தில் நின்று மூச்சு வாங்கினால் நாலு பேர் பார்ப்பார்கள் என்று போகவில்லை. வெயில் காலத்தில் மொட்டை மாடியில் படுக்கிற வழக்கமும் போயிற்று. கடைசியில் திண்ணையும் வேப்பமரமும்தான் அவருடைய உலகம். எப்படி இருக்கிறீர்கள் மாமா என்று கேட்டால், "இளைப்பே இல்லடா" என்பார். உண்மைதான். நடந்தால்தானே இளைக்கும்?

இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்: மாமாவுக்காகக் கோபப்பட்ட நான், அலுவலகத்தில் எத்தனையோ பேருடைய கோப்பில் 'குறிப்பிட்ட சதவீதத்துக்குக் குறைவு, விதிப்படி தகுதியில்லை' என்று குறிப்பெழுதி மேலே அனுப்பியிருக்கிறேன். விதியும் அப்படித்தான் இருந்தது. அவர்கள் மாடிப்படி ஏறி என் மேசைக்கு வந்து மூச்சு வாங்கியபடி நின்றதும் நினைவில் இருக்கிறது. எங்கள் பிரிவு இரண்டாவது மாடியில் இருந்தது.

சரி, வரலாற்றுக்கு வருகிறேன். இளைப்பு நோயாளிகளுக்கு அக்காலத்தில் மருத்துவர்கள் சொன்ன அறிவுரை ஒன்றுதான்: அலட்டிக்கொள்ளாமல் ஓய்வாக இருங்கள். அப்படி உட்கார்ந்தே இருந்தால் கால் தசை இளைத்து, அடுத்த முறை எழுந்து நடக்கும்போது முன்னைவிட அதிகமாக மூச்சு வாங்கும். இதை மாற்றியவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவின் டென்வர் நகரில் இருந்த தாமஸ் பெட்டி. கடல் மட்டத்திலிருந்து 1600 மீட்டர் உயரத்தில் உள்ள ஊர் அது. காற்றே கொஞ்சம் மெலிந்தது. 1960களின் நடுவில் அவரும் சகாக்களும் திரவ ஆக்சிஜனைத் தோளில் மாட்டிக்கொள்ளும் சிறிய கலத்தில் அடைத்து நோயாளிகளை நடக்க வைத்தார்கள். படுத்துக் கிடந்தவர்கள் எழுந்து கடைக்குப் போனார்கள். ஆக்சிஜன் ஆயுளையும் கூட்டுகிறது என்பதை 1980இல் அமெரிக்காவிலும் 1981இல் பிரிட்டனிலும் நடந்த இரண்டு ஆய்வுகள் நிரூபித்தன. இரத்தத்தில் ஆக்சிஜன் மிகவும் குறைந்துபோனவர்களுக்குத் தினம் பதினைந்து மணி நேரமாவது கொடுக்க வேண்டும் என்ற கணக்கு பிரிட்டன் ஆய்விலிருந்து வந்தது. ஆயுள் கூடியது சரி, ஆனால் நாளில் பதினைந்து மணி நேரம் ஒரு குழாயில் கட்டப்பட்ட மனிதனுக்கு அந்த ஆயுள் எப்படி இருக்கிறது? இந்தக் கேள்வி அப்போதுதான் பலமாக எழுந்தது.

அதற்குக் கனடாவிலிருந்து ஒரு பதில் வந்தது. மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தின் கார்டன் கயாட் 1987இல் இருபது கேள்விகள் கொண்ட ஒரு முறையை வெளியிட்டார். அதில் எனக்குப் பிடித்தது, உங்களுக்கு முக்கியமானதும் செய்தால் இளைக்க வைப்பதுமான ஐந்து வேலைகளை நீங்களே சொல்லுங்கள் என்று கேட்பது. நோயாளியே தன் கேள்வித்தாளைத் தயாரிக்கிறார். மாமாவிடம் கேட்டிருந்தால் பந்தியையும் மாசி மகத்தையும் மொட்டை மாடியையும் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன். மிச்சம் இரண்டை அத்தைதான் சொல்ல வேண்டும். சோர்வு, மனநிலை, நோயைத் தன் பிடிக்குள் வைத்திருக்கிறோம் என்ற நம்பிக்கை, இவற்றையும் கயாட் கேட்டார்.

இதற்குச் சில வருடம் கழித்து, 1990களின் தொடக்கத்தில், லண்டன் செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனையின் பால் ஜோன்ஸ் ஐம்பது கேள்விகள் கொண்ட நீண்ட கேள்வித்தாளைக் கொண்டுவந்தார். சுழி என்றால் நல்ல நிலை, நூறு என்றால் மிக மோசம். திஃப்னோவின் ஒரு நொடிக் கணக்குக்கும் இந்த மதிப்பெண்ணுக்கும் உள்ள உறவு பலவீனமானது என்று தெரியவந்தது. ஒரே அளவு ஊதுகிற இரண்டு பேரில் ஒருவர் பேரனோடு சந்தைக்குப் போகிறார், மற்றவர் அறையைவிட்டு வருவதில்லை. மூச்சுப் பயிற்சியும் நடைப்பயிற்சியும் சேர்ந்த மறுவாழ்வுப் பயிற்சியை ஆராய்ந்தபோதும் இதே வேடிக்கை. சில வாரம் பயிற்சி கொடுத்தபின் ஊதிப் பார்த்தால் எண்ணில் மாற்றமே இருக்காது. ஆனால் ஆள் அதிக தூரம் நடப்பார், குறைவாக இளைப்பார், மதிப்பெண்ணும் நன்றாக மாறியிருக்கும். கேள்வித்தாள் இல்லாவிட்டால் அந்தப் பயிற்சி பயனற்றது என்று தள்ளியிருப்பார்கள்.

என் கையில் வந்த எட்டுக் கேள்வித் தாளும் ஜோன்ஸின் குழு 2009இல் சுருக்கிக் கொடுத்ததுதான். இந்த நோய்க்கு வழிகாட்டு நெறிகள் வகுக்கும் 'கோல்ட்' என்ற உலகக் குழு 2011இல், ஊதும் அளவை மட்டும் வைத்து நோயாளியைத் தரம் பிரிக்காமல் இந்தத் தாளையோ ஃப்ளெட்சரின் படிகளையோ சேர்த்துப் பார்க்கச் சொல்லிவிட்டது. லெனெக்கின் புத்தகம் வந்து 192 வருடம் கழித்து!

ஒரு குறையும் சொல்ல வேண்டும். இந்தக் கேள்விகள் சுரங்கக்காரர்களிடமும் லண்டன் தபால்காரர்களிடமும் பிறந்தவை. குன்று ஏறினால் இளைக்கிறதா என்கிறார்கள். எங்கள் ஊரில் ஏற்றம் என்றால் கோரிமேட்டுக்குப் போகும் வழிதான். பெண்களுக்கோ இவை இன்னும் பொருந்தவில்லை. 1950களில் டெல்லியில் டாக்டர் பத்மாவதி, நுரையீரல் கெட்டதால் இதயம் பழுதான நோயாளிகளை ஆராய்ந்து, புகை பிடிக்காத பெண்களுக்கும் ஆண்களைப்போல் அந்த நோய் வருகிறது, காரணம் அடுப்புப் புகை என்று எழுதினார். பர்மாவில் பிறந்த தமிழ்க் குடும்பத்துப் பெண்மணி. இந்தியாவின் முதல் பெண் இதயநோய் மருத்துவர். 2020இல் நூற்று மூன்று வயதில் கொரோனாவில் மறைந்தார். என் அம்மா நாற்பது வருடம் சவுக்கு விறகிலும் வரட்டியிலும் சமைத்தாள். ஊதுகுழலால் அடுப்பை ஊதும்போது எத்தனை படி இளைப்பு என்று கேட்க எந்தத் தாளிலும் வரியில்லை. அவள் ஒரு சிகரெட்டைக்கூடத் தொட்டதில்லை. நான் தொட்டேன், இருபத்திரண்டு வருடம், தினம் ஒரு பாக்கெட்.

ஃப்ளெட்சரும் புள்ளிவிவர நிபுணர் ரிச்சர்ட் பீட்டோவும் லண்டனில் எழுநூற்றுத் தொண்ணூறு ஆண்களுக்கு மேல் எட்டு வருடம் பின்தொடர்ந்து 1977இல் சொன்னது: இழந்த மூச்சு திரும்பாது, ஆனால் சிகரெட்டை விட்டால் அதற்கு மேல் இழக்கும் வேகம் குறைந்துவிடும். நான் விட்டது 1996இல்.

அந்தக் காலை வேளைக்கே வருகிறேன். தாளை வாங்கி மடமடவென்று சுழித்தேன். மாடிப்படிக்கு ஒன்று, வீட்டு வேலைக்கு சுழி, தைரியத்துக்கு சுழி. கூட்டினால் ஏழு. நாற்பதுக்கு ஏழு, மோசமில்லை என்று பேனாவை மூடப்போனேன். பக்கத்தில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த என் மனைவி, "மாடிப்படிக்கு ஒண்ணா? மாடில காயப்போட்ட வத்தல எடுக்க நீங்க போயி எத்தன மாசமாச்சு?" என்றாள்.

"போறதில்ல, அதனால இளைக்கறதும் இல்ல" என்றேன். சொல்லும்போதே மாமாவின் குரல் காதில் விழுந்தது.

அவள் பேனாவை வாங்கிக்கொண்டாள். சிலிண்டர் உருட்டுவது யார், போன பொங்கலுக்குப் பெண் வீட்டுக்கு ஏன் போகவில்லை, இராத்திரி இரண்டு தலையணை வைத்துப் படுப்பது எப்போதிலிருந்து என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, என் சுழிகளை அடித்துவிட்டுத் தன் கையெழுத்தில் போட்டாள். மொத்தம் பத்தொன்பது வந்தது. உள்ளே போனதும் மருத்துவர் அடித்தல் திருத்தலாக இருந்த அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "சார், இதுல எதை எடுத்துக்கறது?" என்று கேட்டார்.

அவள் போட்டதை எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன்.